ராபர்ட் ஹென்றி எலியட்

ராபர்ட் ஹென்றி எலியட் (ஆகஸ்ட் 23, 1864 - நவம்பர் 9, 1936) பிரித்தானிய கண் அறுவை மருத்துவரும் நூலாசிரியரும் ஆவார். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்த இவர், சென்னை எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். கண் அழுத்த நோய்க்கு (குளுக்கோமா) இவர் 1909ஆம் ஆண்டில் சென்னையில் வகுத்த துளையிடல் அறுவை, எலியட் துளையிடல் என்ற பெயரில் உலகம் முழுவதும் பரவி, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் கையாளப்பட்டது. கண்ணினுள் மிகையாகத் தேங்கும் நீர் வடிய நிலையான வழி அமைப்பது என்னும் அக்கருத்தே இன்று கண்புரை அறுவையோடு சேர்த்துக் கண்ணுக்குள் பொருத்தப்படும் நுண் வடிகுழாய்களுக்கும் அடிப்படையாக உள்ளது.

சென்னை பெசன்ட் நகரில் உள்ள எலியட்ஸ் கடற்கரையின் பெயர் இவரைக் குறிப்பது அன்று. அது சென்னையின் தலைமை நீதித்துறை நடுவராக இருந்த எட்வர்ட் எலியட் என்பவரின் பெயரால் வழங்குவது.

கல்வியும் பணியில் சேர்தலும்

எலியட் லண்டனில் உள்ள புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். இங்கிலாந்து அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் உறுப்பாளர் தகுதியையும் பெற்றார். 1892ஆம் ஆண்டில் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். இப்பணியில் இருந்த மருத்துவர்கள் படைத்துறைப் பதவிநிலை உடையவர்கள். எலியட் லெப்டினன்ட் கர்னல் நிலை வரை உயர்ந்தார்.

பாம்பு நஞ்சு ஆய்வு

கண் மருத்துவத்தில் முழுமையாக ஈடுபடுவதற்கு முன்னர் எலியட் பாம்பு நஞ்சு பற்றிய ஆய்வில் ஈடுபட்டிருந்தார். நஞ்சு இதயத்தையும் குருதி ஓட்டத்தையும் மூச்சையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதே இவ்வாய்வின் மையக் கேள்வி. எடின்பரோவில் மருந்தியல் பேராசிரியராக இருந்த தாமஸ் ஃபிரேசருடன் இணைந்து கடற்பாம்புகளின் நஞ்சு குறித்து ஆய்வு செய்து கட்டுரை வெளியிட்டார். கட்டுவிரியன் நஞ்சு குறித்தும் ஆய்வு செய்தார். சென்னை மாகாணத்தின் கடற்கரையில் மீனவர்களுக்குக் கடற்பாம்பு அன்றாட அபாயமாக இருந்த காலம் அது. அளந்து பார்க்காமல் எதையும் ஏற்பதில்லை என்ற பழக்கம் இவ்வாய்வுகளில் இவருக்கு ஏற்பட்டது. பிற்காலப் பணிகள் அனைத்திலும் அப்பழக்கத்தைக் காணலாம்.

எழும்பூர் கண் மருத்துவமனை

சென்னை கண் மருத்துவமனை 1819ஆம் ஆண்டில் ராபர்ட் ரிச்சர்ட்சன் என்பவரால் தொடங்கப்பட்டது. லண்டனில் 1805இல் தொடங்கப்பட்ட மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்கு அடுத்து, உலகின் மிகப் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. முதலில் ராயப்பேட்டையில் இயங்கிய இம்மருத்துவமனை 1884ஆம் ஆண்டில் எழும்பூருக்கு மாற்றப்பட்டது. எலியட் 1904ஆம் ஆண்டில் இதன் கண்காணிப்பாளர் பொறுப்பை ஏற்றார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவம் கற்பிக்கும் பொறுப்பும் இவரிடம் இருந்தது.

இங்கு வந்த நோயாளிகளுள் பெரும்பாலோர் கண்புரை உடையவர்கள். எலியட் ஆயிரக்கணக்கான கண்புரை அறுவைகளைச் செய்தார். அக்காலத்தில் புரையை எடுக்கும் முறை குறித்து இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர்களிடையே கடுமையான கருத்து வேறுபாடு நிலவியது. பஞ்சாபின் ஜலந்தரில் இருந்த ஹென்றி ஸ்மித், கண் வில்லையை அதன் உறையோடு சேர்த்து அழுத்தி வெளியேற்றும் முறையை வலியுறுத்தினார். எலியட் அம்முறையைப் பின்பற்றவில்லை. உறையைத் திறந்து புரையை எடுத்து, எஞ்சிய துகள்களை நீர் பாய்ச்சிக் கழுவும் முறையையே அவர் ஆதரித்தார். பெல்ஃபாஸ்ட் நகர மருத்துவர் மெக்கியோன் இம்முறையை முன்னரே கையாண்டிருந்தார். வில்லையின் உறையைக் கண்ணிலேயே விட்டுவைத்து, உள்ளிருக்கும் புரையை மட்டும் நீக்குவதே இன்றைய கண்புரை அறுவையிலும் வழக்கமாக உள்ளது.

கண் அழுத்த நோய்

கண்ணின் முன்பகுதியில் தெளிவான ஒரு நீர்மம் இடைவிடாது சுரக்கிறது. கருவிழியும் கதிராளியும் (ஐரிஸ்) சந்திக்கும் கோணத்தில் உள்ள சல்லடை போன்ற திசு வழியாக அது வடிந்து குருதியில் கலக்கிறது. சுரப்பும் வடிப்பும் ஒத்திருக்கும்போது கண்ணினுள் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். வடியும் வழி அடைபட்டால் அழுத்தம் உயர்ந்து, பார்வை நரம்பு சிறிது சிறிதாக அழிகிறது. கண்புரையால் மங்கிய பார்வையை அறுவையால் மீட்கலாம். ஆனால் கண் அழுத்த நோயால் இழந்த பார்வையை மீட்க இயலாது. எஞ்சியுள்ளதைக் காப்பாற்றுவது மட்டுமே மருத்துவரால் இயலும்.

1857ஆம் ஆண்டில் பெர்லின் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிராஃபே, கதிராளியின் ஒரு பகுதியை வெட்டி நீக்குவதன் மூலம் இந்நோயைக் குணப்படுத்தலாம் எனக் கண்டார். திடீரென்று கடும் வலியுடன் தோன்றும் வகைக்கு அம்முறை பயன்பட்டது. வலியின்றி மெல்ல வளரும் நாட்பட்ட வகைக்கு அது பெரும்பாலும் பயன்படவில்லை. சில நோயாளிகளுக்கு அறுவையின் தழும்பு வழியாக நீர் கசிந்தது. அவர்களுக்கே அழுத்தம் குறைந்தது என்பதை மருத்துவர்கள் பின்னர் உணர்ந்தனர். நீர் கசியும் தழும்பைத் திட்டமிட்டே உண்டாக்க வேண்டும் என்ற கருத்து இவ்வாறு உருவாயிற்று. பிரான்சின் போர்தோ நகர மருத்துவர் பெலிக்ஸ் லாகிராஞ்சு 1906இல் வெள்விழியின் ஒரு சிறு பகுதியை வெட்டி நீக்கும் அறுவையை அறிவித்தார். நார்வேயில் ஹோல்த் என்பவர் கதிராளியையே வெட்டுவாயில் செருகி வழி திறந்திருக்கச் செய்தார். 1905இல் ஹியால்மர் ஷியோட்ஸ் உருவாக்கிய அழுத்தமானி, அதுவரை விரலால் தொட்டு மதிப்பிடப்பட்ட அழுத்தத்தை எண்ணால் அளக்க வகை செய்தது. அறுவை பலித்ததா என்பதை அதன்பின் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

துளையிடல் அறுவை

லாகிராஞ்சின் அறுவை நல்ல பலனைத் தந்தபோதும் அதைச் செய்ய மிகுந்த கைத்திறன் தேவைப்பட்டது. நாளொன்றுக்குப் பலருக்கு அறுவை செய்யவேண்டிய சென்னை போன்ற இடத்திற்கும், மாவட்ட மருத்துவமனைகளில் இருந்த பொது மருத்துவர்களுக்கும் எளிய முறை ஒன்று தேவையாயிற்று. எலியட் 1909ஆம் ஆண்டில் தம் முறையைக் கையாளத் தொடங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் லண்டனில் இருந்து வெளிவந்த 'ஆப்தால்மோஸ்கோப்' என்ற இதழில் அதுபற்றிய முதல் குறிப்பை வெளியிட்டார்.

அறுவையின் படிகள் பின்வருமாறு:

1. கண்ணின் மேற்பகுதியில் வெள்விழியைப் போர்த்தியுள்ள இமையிணைப்படலம் மடல் போல வெட்டிக் கருவிழியின் விளிம்பு வரை கீழ்நோக்கி விலக்கப்படும்.
2. விளிம்பில் கருவிழியின் மேலடுக்கு சிறிது தூரம் பிளக்கப்படும். இதனால் துளையை முடிந்தவரை முன்னால் இடமுடியும்.
3. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்ட வாய்க் கத்தி (திரிபைன்), பாதி கருவிழியிலும் பாதி வெள்விழியிலும் படியுமாறு வைக்கப்பட்டு, விரல்களுக்கிடையே உருட்டப்படும். வட்டமான ஒரு வில்லை வெட்டப்பட்டு நீக்கப்படும்.
4. துளையில் பிதுங்கும் கதிராளியில் ஒரு சிறு துண்டு நீக்கப்படும். இல்லையெனில் அதுவே துளையை அடைத்துவிடும்.
5. மடல் மீண்டும் துளையின் மேல் போர்த்தப்படும்.

இதன்பின் கண்ணினுள் உள்ள நீர் துளை வழியே வெளிவந்து, மடலின் அடியில் பரவி உறிஞ்சப்படும். துளை இருக்குமிடத்தில் மெல்லிய கொப்புளம் போன்ற புடைப்புத் தோன்றும். அப்புடைப்பு நிலைத்திருப்பதே அறுவை பலித்ததற்கு அடையாளம். துளையை முன்னால் தள்ளி இட்டதே எலியட் முறையின் சிறப்பு. பின்னால் இட்டால் நீர் சுரக்கும் உறுப்பும் அதனருகில் உள்ள திசுக்களும் துளையை அடைத்துவிடும். கண்ணின் உட்பொருள் வெளியேறும் அபாயமும் உண்டு.

முதன்மை குறித்த கேள்வி

கண்ணில் வட்டத் துளையிடுதல் எலியட்டுக்கு முன்னரும் முயலப்பட்டதே. ஸ்காட்லாந்து மருத்துவர் ஆர்கைல் ராபர்ட்சன் 1876ஆம் ஆண்டிலேயே வெள்விழியில் துளையிட்டுப் பார்த்தார். கிளாஸ்கோ நகர மருத்துவர் ஃபிரீலாந்து ஃபெர்கஸ் ஏறத்தாழ எலியட்டின் காலத்திலேயே துளையிடல் முறையைக் கையாண்டார். ஃபெர்கசின் முறையில் துளை சற்றுப் பின்னால் இடப்பட்டது. அதன் வழியே ஒரு மெல்லிய கருவி கண்ணின் முன்னறைக்குள் செலுத்தப்பட்டது. இவ்விருவருள் யார் முந்தியவர் என்பது குறித்து அக்கால இதழ்களில் விவாதம் நடந்தது. துளையிடல் என்னும் எண்ணத்தைவிட, துளைக்குரிய இடத்தையும் மடலின் அமைப்பையும் வரையறுத்து, மிகுந்த எண்ணிக்கையிலான நோயாளிகளுக்குச் செய்து காட்டியதே எலியட்டின் பங்களிப்பு எனக் கருதப்படுகிறது. அறுவைக்கு அவர் பெயர் நிலைத்ததற்கும் அதுவே காரணம்.

1913ஆம் ஆண்டில் எலியட் இம்முறையை விளக்கித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அதன் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் இம்முறையை ஏற்றனர். அதுவரை மேலை நாடுகளில் உருவான முறைகளே இந்திய மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டிருந்தன. சென்னையில் உருவான ஓர் அறுவை எதிர்த்திசையில் பரவியது அக்காலத்தில் அரிய நிகழ்வாகும்.

புரை தள்ளல் பற்றிய ஆய்வு

இந்தியாவில் தொன்றுதொட்டு வழங்கிவந்த கண்புரை மருத்துவம் புரை தள்ளல் ஆகும். சுசுருத சம்கிதையில் இது விளக்கப்பட்டுள்ளது. கூரிய கருவியால் கண்ணைக் குத்தி, மங்கிய வில்லையைப் பார்வைப் பாதையிலிருந்து கண்ணின் உட்புறமாகத் தள்ளிவிடுவதே இம்முறை. வில்லை கண்ணிலிருந்து எடுக்கப்படுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஊர் ஊராகச் சென்று இதனைச் செய்வோர் பலர் இருந்தனர். நோயாளிக்கு உடனே பார்வை தெரியும். பணத்தைப் பெற்றுக்கொண்டு அவர்கள் அடுத்த ஊருக்குச் சென்றுவிடுவர். சீழ் பிடித்தலும் அழற்சியும் அழுத்த உயர்வும் அதன் பின்னரே தோன்றும்.

இவ்வாறு கண்ணிழந்து எழும்பூருக்கு வந்த நூற்றுக்கணக்கானோரின் விவரங்களை எலியட் பதிவு செய்தார். எடுக்கப்பட்ட கண்களை வெட்டி நுண்நோக்கியால் ஆராய்ந்தார். புரை தள்ளுவோர் பயன்படுத்திய கருவிகளையும் திரட்டினார். கருவிழி வழியே முன்புறமாகக் குத்துவோர், வெள்விழியைக் கத்தியால் கீறிப் பின் மழுங்கிய செப்புக் கம்பியைச் செலுத்துவோர் என இருவகையினர் இருந்ததை அவர் விளக்கினார். தள்ளப்பட்ட வில்லை கண்ணுக்குள் கிடந்து அழற்சியையும் கண் அழுத்த நோயையும் உண்டாக்குவதை அவருடைய ஆய்வு காட்டியது. புரை தள்ளுவோர் சிலர் கண் அழுத்த நோயால் முற்றிலும் பார்வை இழந்தவர்களுக்கும் கண்புரை எனக் கருதிக் குத்தினர். அவர்களுக்கு அதனால் எப்பயனும் கிட்டவில்லை.

1917ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரச அறுவை மருத்துவர் கல்லூரியில் ஹண்டேரியன் பேராசிரியராக இவ்வாய்வைச் சொற்பொழிவுகளாக வழங்கினார். அவை அதே ஆண்டில் நூலாக வெளிவந்தன. அழிந்துகொண்டிருந்த ஒரு பழைய மருத்துவ முறை பற்றிய விரிவான பதிவு என்ற வகையில் இந்நூல் வரலாற்று ஆய்வாளர்களாலும் பயன்படுத்தப்படுகிறது. எனினும் தோல்வியுற்றவர்களே பெரும்பாலும் மருத்துவமனையை நாடுவர். பலன் பெற்றவர்கள் வருவதில்லை. ஆகவே மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டு கணக்கிடும் தோல்வி விகிதம் உண்மை நிலையைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு.

இங்கிலாந்தில்

சென்னையிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய எலியட், லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் கண் மருத்துவ விரிவுரையாளராகப் பணியாற்றினார். கண் அழுத்த நோய் குறித்தும் வெப்பமண்டலக் கண் நோய்கள் குறித்தும் பாட நூல்களை எழுதினார். பார்வைப் புலத்தில் தோன்றும் குருட்டுப் புள்ளிகளைக் கொண்டு நோயின் வளர்ச்சியைக் கணிப்பதிலும் ஈடுபாடு காட்டினார்.

எலியட்டுக்குச் செப்படி வித்தையிலும் மிகுந்த ஈடுபாடு இருந்தது. லண்டனில் உள்ள வித்தைக்காரர் சங்கமான மேஜிக் சர்க்கிளில், மறைபொருள் நிகழ்ச்சிகளை ஆராயும் குழுவின் தலைவராக இருந்தார். கயிற்றை வானில் எறிந்து அதன்மேல் சிறுவனை ஏறச்செய்யும் இந்தியக் கயிற்று வித்தை உண்மையில் நிகழ்ந்ததில்லை என்பது இவர் முடிவு. 1934ஆம் ஆண்டில் லண்டனில் இதுபற்றி ஒரு கூட்டம் நடைபெற்றது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆம்ப்தில் பிரபு அதற்குத் தலைமை வகித்தார். திறந்த வெளியில் இவ்வித்தையைச் செய்துகாட்டுபவருக்கு 500 கினி பரிசு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் இவர் எழுதிய 'மாயக் கிழக்கு என்னும் கட்டுக்கதை' என்ற பொருள்படும் தலைப்புடைய நூலும் வெளிவந்தது.

எலியட் 1936 நவம்பர் 9 அன்று காலமானார்.

துளையிடலின் குறைகள்

துளையிடலுக்குப் பின் உண்டாகும் கொப்புளத்தின் மேல்தோல் ஆண்டுகள் செல்லச்செல்ல மெலிந்துபோவது உண்டு. அதன் வழியே நுண்ணுயிர்கள் உட்புகுந்தால் கண் முழுவதும் சீழ் பிடித்துப் பார்வை ஒரே நாளில் அழியக்கூடும். அறுவை செய்து பல ஆண்டுகள் நலமாக இருந்தவர்களுக்கும் இது நேர்ந்தது. எதிர்நுண்ணுயிர் மருந்துகள் இல்லாத காலத்தில் இவ்வாறு தொற்றிய கண்ணைக் காப்பாற்றுவது அரிது. நீர் மிகையாக வடிந்து கண் மென்மையாகிவிடுதல், அறுவைக்குப்பின் கண்புரை விரைந்து வளர்தல் ஆகியனவும் காணப்பட்டன. இவ்வபாயங்களை முன்னிட்டுச் சில மருத்துவர்கள் துளையிடலைக் கைவிட்டு வேறு முறைகளை நாடினர்.

1968ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் மருத்துவர் ஜான் கெயர்ன்ஸ் வெளியிட்ட முறையே இதற்குப் பரவலான தீர்வாயிற்று. இதில் துளையின் மேல் வெள்விழியின் மெல்லிய அடுக்கு ஒன்று கதவு போல மூடித் தைக்கப்படுகிறது. நீர் கட்டுப்பாட்டுடன் கசிகிறது. கொப்புளமும் தடித்த தோலுடன் அமைகிறது. இதன் வருகைக்குப்பின் எலியட் துளையிடல் படிப்படியாக வழக்கொழிந்தது.

துளையிலிருந்து பொருத்துக்கருவி வரை

துளை காலப்போக்கில் தழும்பால் மூடிக்கொள்வது வடிகால் அறுவைகள் அனைத்திற்கும் பொதுவான சிக்கல். துளையில் ஏதேனும் ஒரு பொருளை வைத்து அதனைத் திறந்திருக்கச் செய்யும் முயற்சி எலியட்டின் காலத்திலேயே தொடங்கியது. 1907இல் ரோலே என்பவர் குதிரை முடியையும், 1912இல் இங்கிலாந்தின் ஆர்தர் சோராப் பட்டு நூலையும் பயன்படுத்திப் பார்த்தனர். அவை நிலைக்கவில்லை. 1969ஆம் ஆண்டில் அந்தோணி மோல்டினோ, சிறு குழாயும் அதனோடு இணைந்த தட்டும் கொண்ட கருவியை அறிவித்தார். குழாய் கண்ணின் முன்னறையில் இருக்கும். தட்டு வெள்விழியின் மேல் பின்னால் தைக்கப்பட்டு நீர் பரவ இடம் தரும். மதுரையில் உள்ள ஆரோலேப் நிறுவனம் இவ்வகையைச் சேர்ந்த, விலை குறைந்த கருவி ஒன்றை 2013ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது.

கண்புரையும் கண் அழுத்த நோயும் ஒரே முதியவருக்கு ஒன்றாக இருப்பது மிகுதி. ஆகவே புரையை எடுக்கும்போதே, அதே வெட்டுவாய் வழியாக மிகச்சிறு குழாய் ஒன்றை நீர் வடியும் சல்லடைத் திசுவில் பொருத்தும் முறை பின்னர் உருவானது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஐஸ்டென்ட் என்ற டைட்டானியக் கருவிக்கு அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டிலும், ஹைட்ரஸ் என்ற கருவிக்கு 2018ஆம் ஆண்டிலும் ஒப்புதல் கிடைத்தது. இவற்றில் வெளியே கொப்புளம் உண்டாவதில்லை. எனவே எலியட் அறுவையின் பெரும் அபாயம் நேர்வதில்லை. ஆனால் அழுத்தம் குறையும் அளவும் குறைவு. நோய் தொடக்க நிலையிலோ நடுத்தர நிலையிலோ உள்ளவர்களுக்கே இவை ஏற்றவை.

2016ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற சைபாஸ் என்ற கருவி 2018ஆம் ஆண்டில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஐந்தாண்டு முடிவில் அது கருவிழியின் உட்புற உயிரணுக்களைக் கூடுதலாக இழக்கச் செய்ததே காரணம். முதலிரண்டு ஆண்டுகளில் பாதுகாப்பாகத் தோன்றும் வடிகால் முறை பல ஆண்டுகளுக்குப் பின்னரே தன் குறையைக் காட்டும் என்பது எலியட் துளையிடலின் வரலாற்றிலும் காணப்படுவதே.

நினைவு

எழும்பூர் மருத்துவமனை வளாகத்தில் அமைந்த கண் மருத்துவப் பள்ளிக்கு எலியட் கண் மருத்துவப் பள்ளி எனப் பெயரிடப்பட்டது. அங்குள்ள கண் அருங்காட்சியகமும் அவர் பெயரோடு தொடர்புடையது. இம்மருத்துவமனை தற்போது மண்டலக் கண் மருத்துவ நிலையமாக இயங்கி வருகிறது.

எழுதிய நூல்கள் (தலைப்புகளின் தமிழாக்கம்)

* கண் அழுத்த நோய் அறுவையில் வெள்விழி-கருவிழித் துளையிடல் (1913)
* கண்புரை தள்ளும் இந்திய அறுவை முறை (1917)
* கண் அழுத்த நோய்: பொது மருத்துவருக்கான கையேடு (1917)
* வெப்பமண்டலக் கண் மருத்துவம் (1920)
* கண் அழுத்த நோய் பற்றிய ஆய்வுநூல் (1922)
* மாயக் கிழக்கு என்னும் கட்டுக்கதை (1934)